உடல் பருமனைக் குறைக்கும் கூட்டுக்குழுவில் சேரலாமா?

கேள்வி: எங்கள் பகுதியில் சுகாதாரத் துறையும் குடியிருப்போர் சங்கமும் பள்ளிகளும் சேர்ந்து உடல் பருமனைக் குறைக்க ஒரு குழு அமைக்கிறார்கள். என்னையும் கூப்பிடுகிறார்கள். இதனால் உண்மையிலேயே பலன் இருக்குமா?

சேருங்கள். இதே மாதிரி ஒரு குழுவில் பெற்றோர் தரப்பில் மூன்று வருடம் இருந்திருக்கிறேன். பலன் உண்டு, ஆனால் குழு எதைச் செய்கிறது என்பதைப் பொறுத்துத்தான்.

எங்கள் குழு முதல் ஆறு மாதம் விழிப்புணர்வு முகாம் மட்டும்தான் நடத்தியது. பேரணி, துண்டுப் பிரசுரம், மருத்துவர் பேச்சு. வந்தவர்கள் பெரும்பாலும் ஏற்கெனவே அக்கறையோடு இருப்பவர்கள். இரண்டு வேலை பார்த்துவிட்டு இரவில் வீடு திரும்புகிற அம்மா அங்கே வரவே இல்லை. வந்திருந்தாலும் அவருக்குத் தெரியாத எதையும் நாங்கள் சொல்லியிருக்க மாட்டோம்.

பிரான்சின் வடக்கே ஃப்ளூர்பே, லாவன்தி என்று இரண்டு சிறிய ஊர்கள். 1992-இல் அங்கே பள்ளிகளில் சத்துணவுப் பாடம் தொடங்கினார்கள். பிள்ளைகளின் அறிவு வளர்ந்தது. எடை அதிகமான பிள்ளைகளின் விகிதமோ முதல் சில வருடங்களில் ஏறவே செய்தது. பிறகு ஊராட்சி, மருத்துவர்கள், விளையாட்டுக் கழகங்கள், கடைக்காரர்கள் என்று ஊரே சேர்ந்துகொண்ட பிறகுதான் இறங்கியது. 2004-இல் அங்கே எடை அதிகமான பிள்ளைகள் 8.8 சதவீதம். ஒப்பிட்டுப் பார்த்த பக்கத்து ஊர்களில் 17.8 சதவீதம். முதல் சில வருடங்களை மட்டும் பார்த்து நிறுத்தியிருந்தால் தோல்வி என்று எழுதி மூடியிருப்பார்கள்.

எங்கள் குழுவை மாற்றியது ஒரு பூட்டு. பள்ளி மைதானத்தை மாலை நான்கு மணிக்குப் பூட்டிவிடுவார்கள். பிள்ளைகளுக்கு ஓட இடம் இல்லை, தெருவில் விடவும் பயம். ஏன் பூட்டுகிறீர்கள் என்று கேட்டால், யாராவது விழுந்து அடிபட்டால் பொறுப்பு யாருடையது என்றார்கள். நியாயமான கேள்வி. பள்ளியால் தனியாக முடிவெடுக்க முடியாது, பெற்றோரால் கேட்க மட்டும்தான் முடியும். குழுவில் இருந்த அதிகாரி நான்கு மாதம் அலைந்து எழுத்துப்பூர்வமான அனுமதி வாங்கினார், இரண்டு விளக்குகளுக்கும் ஏற்பாடு செய்தார். திறப்பது, மூடுவது, கூட இருப்பது எல்லாம் பெற்றோர் முறை வைத்துச் செய்தோம். முதல் வாரம் பத்துப் பிள்ளைகள் வந்தார்கள். அப்புறம் முறை வைக்க ஆள் போதவில்லை என்ற அளவுக்குக் கூட்டம். கூட்டு முயற்சி என்றால் என்ன என்று எனக்குப் புரிந்தது அந்தச் சாவி கைமாறிய நாளில்தான்.

பின்லாந்தில் செய்னயோகி நகரம் இதையே பெரிய அளவில் செய்தது. பருமனைச் சுகாதாரத் துறையின் தலையில் மட்டும் கட்டவில்லை. நகரத் திட்டமிடல் துறை பள்ளி மைதானங்களைச் சீரமைத்தது, உணவுத் துறை குழந்தைகள் காப்பகங்களில் இனிப்புத் தின்பண்டங்களை நிறுத்தியது. எடை அதிகமான ஐந்து வயதுப் பிள்ளைகளின் விகிதம் 2009-இல் சுமார் 17 சதவீதம், 2015-இல் 10.

சில வேலைகளை அரசு மட்டும்தான் செய்ய முடியும். மெக்சிகோ 2014-இல் சர்க்கரை பானங்களுக்கு ஏறத்தாழ 10 சதவீத வரி போட்டது. முதல் வருடம் அவற்றை வாங்குவது 5.5 சதவீதமும், அடுத்த வருடம் 9.7 சதவீதமும் குறைந்தது. எந்தக் குடியிருப்போர் சங்கமும் வரி போட முடியாது. ஆனால் அந்த மெக்சிகோ வரிக்காக வருடக்கணக்கில் குரல் கொடுத்தவர்களில் பொதுமக்கள் அமைப்புகள் முக்கியமானவை.

யார் பணத்தில் குழு நடக்கிறது என்பதையும் கேளுங்கள். சர்க்கரை பானம் விற்கும் நிறுவனம் டி-ஷர்ட்டும் பரிசும் தருகிறேன் என்று வரும். ஆம்ஸ்டர்டாம் நகராட்சி தன் திட்டத்தில் இந்த மாதிரி நிறுவனங்களின் விளம்பர ஆதரவோடு நடக்கும் விளையாட்டு நிகழ்ச்சிகளுக்குத் தன் பணத்தைத் தர மறுத்தது. அந்த உறுதி எல்லாக் குழுவுக்கும் வேண்டும் என்று நினைக்கிறேன்.

கடைசியாக ஒன்று. இதற்காகத்தான் நீங்கள் அந்தக் குழுவில் இருக்க வேண்டும் என்று ஆசைப்படுகிறேன். ஒரு முகாமில் பிள்ளைகளை வரிசையில் நிறுத்தி எடை பார்த்து, எண்ணைச் சத்தமாகப் படித்தார்கள். அப்போது என் மகளுக்கு ஒன்பது வயது. பின்னால் யாரோ சிரித்தார்கள். அடுத்த பல வாரம் அவள் விளையாட்டு வகுப்புக்கே போகவில்லை. அவளை ஓடவைக்க நடத்திய முகாம் அவளை உட்காரவைத்துவிட்டது. அதை நடத்தியவர்கள் கெட்டவர்கள் இல்லை. பருமனான பிள்ளையின் அம்மாவோ அப்பாவோ அந்தத் திட்டத்தைத் தீட்டும்போது அறையில் இல்லை, அவ்வளவுதான்.

அதற்குப் பிறகு எங்கள் குழுவில் எழுதி வைத்தோம்: எடை பார்ப்பது தனி அறையில், முடிவு பெற்றோரிடம் மட்டும், மேடையில் எண்ணே கிடையாது. உங்கள் முதல் கூட்டத்திலேயே இதைக் கேட்டு எழுதி வாங்கிவிடுங்கள்.