பேத்தியும் தாத்தாவும் சேர்ந்து ஆட எந்தக் கன்சோல்?

கேள்வி: என் மாமனாருக்கு 70 வயது. கணவர் பள்ளி நாட்களில் டிவியில் கேசட் போட்டு மரியோ ஆடியவர். மகள் ஐந்தாம் வகுப்பு படிக்கிறாள். மூவரும் சேர்ந்து உட்கார்ந்து ஆட ஒரு வீடியோ கேம் வாங்க நினைக்கிறேன். கணவர் பிளேஸ்டேஷன் 5 வாங்கலாம் என்கிறார், மகளுக்கு நிண்டெண்டோ ஸ்விட்ச் வேண்டுமாம். எதை வாங்குவது?
- வாசகி, பாளையங்கோட்டை

பதில்: உங்கள் மகள் சொல்வதுதான் சரி. பிளேஸ்டேஷன் 5 குறைந்தது என்பதால் இதைச் சொல்லவில்லை. படத்தின் துல்லியத்திலும் வேகத்திலும் ஸ்விட்ச் அதன் பக்கத்தில் நிற்க முடியாது. ஆனால் நீங்கள் வாங்குவது மூன்று பேர் சேர்ந்து ஆடுவதற்கு. அதற்குப் பார்க்க வேண்டியது வேறு: இதுவரை கன்ட்ரோலரையே தொடாதவர் எவ்வளவு சீக்கிரம் ஆட்டத்துக்குள் வர முடியும் என்பது. பிளேஸ்டேஷன் 5 பெட்டியில் வருவது ஒரே ஒரு கன்ட்ரோலர். இரண்டு குச்சி, பத்துக்கு மேல் பட்டன். உங்கள் கணவருக்கு அது பழகிவிடும். மாமனார் கையில் கொடுத்தால் அஞ்சு நிமிஷத்தில் திருப்பிக் கொடுத்துவிடுவார். ஸ்விட்சின் இரு பக்கமும் மாட்டியிருக்கும் ஜாய்கான் என்ற சின்னக் கன்ட்ரோலர்களைக் கழற்றினால் ஆளுக்கொன்று கிடைத்துவிடும். வாங்கிய அன்றே இரண்டு பேர் ஆடலாம்.

வயதானவர்கள் ஆடுவார்களா என்ற சந்தேகமே வேண்டாம். நிண்டெண்டோவின் தலைவராக இருந்த சடோரு இவாடா, கேமே ஆடாதவர்களையும் ஆட வைப்பதுதான் நிறுவனத்தின் வேலை என்று வைத்துக்கொண்டவர். அப்படி 2006-ல் வந்ததுதான் 'வீ' என்ற கன்சோல். டிவி ரிமோட் மாதிரி ஒன்றைக் கையில் கொடுத்து, வீசு என்றால் வீச வேண்டும், அவ்வளவுதான். அமெரிக்காவில் முதியோர் இல்லங்களில்கூட அதில் பவுலிங் போட்டி நடந்தது. உலகம் முழுக்க 10 கோடிக்கு மேல் விற்றது. ஜப்பானில் ஹமாகோ மோரி என்ற பாட்டி ஐம்பது வயதைத் தாண்டிய பிறகு கேம் ஆட ஆரம்பித்து, 90 வயதில் உலகிலேயே மூத்த கேமிங் யூடியூபர் என்று கின்னஸில் இடம்பிடித்தார்.

முதலில் வாங்க வேண்டிய கேம் 'மரியோ கார்ட் 8 டீலக்ஸ்'. கணவருக்கு மரியோ பழைய சிநேகிதம், மகளுக்கு இது கார் பந்தயம். மாமனாருக்காக ஒரு காரியம் செய்யுங்கள். வண்டியைத் தேர்ந்தெடுக்கும் திரையில் கூட்டல் குறி போட்ட பட்டனை அழுத்தினால் சில அமைப்புகள் வரும். அதில் வண்டி தடத்தை விட்டு விலகாமல் பிடித்துக்கொள்ளும் வசதியையும், தானாக ஓடும் வசதியையும் போட்டுவிடுங்கள். வண்டியின் பின்னால் சின்ன ஆன்டெனா முளைத்தால் வேலை முடிந்தது. வேகம் குறைந்த 50 சிசி பந்தயத்தில் தொடங்குங்கள். அவர் இடது வலது திருப்பினால் போதும், பள்ளத்தில் விழ மாட்டார். பேத்தி இந்தத் துணை இல்லாமல் ஓட்டலாம், தாத்தா இந்தத் துணையோடு ஓட்டலாம், இரண்டும் ஒரே பந்தயத்தில். இப்படி ஆளுக்குத் தகுந்த மாதிரி வைத்துக்கொள்ள இடம் கொடுப்பதால்தான் மூன்று தலைமுறையும் ஒரே சோபாவில் உட்கார முடிகிறது. அடுத்தது 'நிண்டெண்டோ ஸ்விட்ச் ஸ்போர்ட்ஸ்', அதில் பவுலிங் உண்டு. ஆனால் ஜாய்கானோடு வரும் கயிற்றை மணிக்கட்டில் மாட்டாமல் யாரும் வீசக் கூடாது. வீ வந்த புதிதில் ரிமோட் கை நழுவிப் பறந்து, நிண்டெண்டோ 32 லட்சம் கயிறுகளை மாற்றிக் கொடுக்க வேண்டி வந்தது.

மாமனாருக்கு கிரிக்கெட் பிடிக்கும் என்று முதல் நாளே கிரிக்கெட் கேமைப் போடாதீர்கள். பந்து எப்போது வரும், எந்தப் பட்டன், எந்தப் பக்கம் என்று அத்தனையும் ஒரே நொடியில் பார்க்க வேண்டும். அது பழகினவர்களின் ஆட்டம். ஒற்றை ஜாய்கானின் பட்டன்கள் மிகச் சிறியவை. விரல் தடித்தவர்களுக்குக் கஷ்டம் என்பதால் அவருக்கென்று பெரிய ப்ரோ கன்ட்ரோலர் ஒன்றைத் தனியாக வாங்கிவிடுங்கள், அந்தச் செலவு வீணாகாது. டிவியில் 'கேம் மோட்' இருந்தால் அதையும் போடுங்கள். "நான் அழுத்திட்டேன், அதுதான் திரும்பலை" என்று பெரியவர்கள் சொல்வது பல நேரம் உண்மை, டிவி படத்தைத் தாமதமாகக் காட்டுகிறது.

முக்கியமான எச்சரிக்கை: விலை குறைவாக இருக்கிறதே என்று 'ஸ்விட்ச் லைட்' வாங்கிவிடாதீர்கள். அதை டிவியோடு இணைக்கவே முடியாது, ஜாய்கானும் கழலாது. ஒருவர் கையில் வைத்து ஆடுவதற்கானது அது. 2025-ல் வந்த ஸ்விட்ச் 2 பழைய கேம்களில் பெரும்பாலானவற்றை ஓட்டும். பணம் இருந்தால் அது, இல்லாவிட்டால் பழைய ஸ்விட்சே உங்கள் தேவைக்குப் போதும். வீடு தூங்கின பிறகு கணவர் தனியாக ஃபுட்பால் ஆட வேண்டுமென்றால் பின்னால் பிளேஸ்டேஷன் வாங்கிக்கொள்ளட்டும். அப்போதும் டிஸ்க் போடும் வகையாகப் பாருங்கள். டிஸ்க்கை நண்பரிடம் மாற்றிக்கொள்ளலாம், ஆடி முடித்ததும் விற்கலாம். டவுன்லோட் செய்த கேமை விற்க வழியில்லை.

கேள்வி: சென்னை பர்மா பஜாரில் ஸ்விட்ச் விசாரித்தேன். "இன்டர்நேஷனல் பீஸ் சார், ஒரு வருஷம் ஷாப் வாரன்டி" என்கிறார்கள். நம்பி வாங்கலாமா?
- வாசகர், தாம்பரம்

பதில்: நிண்டெண்டோ இந்தியாவில் நேரடியாக விற்பதில்லை. அதனால் பஜாரானாலும் ஆன்லைனானாலும் ஸ்விட்ச் பெரும்பாலும் வெளிநாட்டிலிருந்து யாரோ கொண்டுவந்ததுதான். கம்பெனி வாரன்டி இங்கே செல்லாது. அந்தக் கடைக்காரர்தான் உங்களுக்கு வாரன்டி. பொருளில் பயப்பட ஒன்றுமில்லை. அடாப்டர் நம்ம ஊர் மின்சாரத்துக்கு ஒத்துவரும், கேம் கார்டு பெரும்பாலும் எந்த நாட்டில் வாங்கியதும் ஓடும்.

பெட்டியைத் திருப்பிப் பாருங்கள். முறையாக இறக்குமதி செய்த பொருளில் இறக்குமதியாளர் பெயர், முகவரி, எம்ஆர்பி எல்லாம் அச்சிட்டோ ஒட்டியோ இருக்க வேண்டும். இல்லையென்றால் விலையைப் பேசும்போது அதை மனதில் வையுங்கள். அப்புறம், பில் இல்லாமல் ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள். பில்லில் சீரியல் நம்பரும், "ஒரு வருஷம்" என்று வாயால் சொன்ன வாரன்டியும் எழுத்தில் இருக்கட்டும். வாங்குமுன் கடையிலேயே ஆன் செய்து, இரண்டு ஜாய்கானின் குச்சியையும் தொடாமல் விட்டுப் பாருங்கள். குச்சியைச் சரிபார்க்கும் அமைப்புத் திரையில் புள்ளி தானாக நகர்ந்தால் அந்தப் பீஸ் வேண்டாம். ஸ்விட்சில் அடிக்கடி வரும் நோய் அது.

பில் தர மறுப்பது 2019-ம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி முறையற்ற வணிகம். "விற்ற பொருள் திரும்பப் பெறப்படமாட்டாது" என்று பில்லில் அடித்திருந்தாலும், பழுதான பொருளுக்கு அந்த வரி செல்லாது. பில்லில் கெடு எதுவும் சொல்லாவிட்டால் 30 நாளுக்குள் எடுத்துக்கொண்டு பணம் தர வேண்டும். தகராறு என்றால் முதலில் தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915-க்குப் போன் செய்யுங்கள். அதில் தீராவிட்டால் நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்தின் நுகர்வோர் ஆணையத்திலேயே வழக்குப் போடலாம், வக்கீல் கட்டாயமில்லை. ஐந்து லட்சம் வரை கட்டணமும் கிடையாது. இரண்டு வருஷத்துக்குள் போட வேண்டும்.

கேள்வி: ஆன்லைனில் 10,000 கேம், இரண்டு வயர்லெஸ் கன்ட்ரோலரோடு ஒரு 'கேம் ஸ்டிக்' மிகவும் மலிவாக வருகிறது. பிள்ளைகளுக்கு வாங்கித் தரலாமா?
- வாசகர், ஈரோடு

பதில்: வேண்டாம். அதிலுள்ள கேம்கள் உரிமம் இல்லாமல் நகலெடுத்தவை. 10,000 என்பதில் பெயரை மாற்றி அடுக்கியவையே ஏராளம். 4கே என்று போட்டிருப்பதும் பழைய படத்தை இழுத்துப் பெரிதாக்குவதுதான். மெமரி கார்டு போனால் எல்லாம் போச்சு. அந்தக் காசைச் சேர்த்து வைத்து, நல்ல நிலையிலிருக்கும் செகண்ட் ஹேண்ட் பிளேஸ்டேஷன் 4 வாங்குங்கள். எச்டிஎம்ஐ ஓட்டை ஆடாமல் இருக்கிறதா, இன்டர்நெட்டில் லாகின் ஆகிறதா, அரை மணி நேரம் ஓடியும் மின்விசிறி அலறாமல் இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள்.

கேள்வி: 90-களில் அப்பா வாங்கித் தந்த வீடியோ கேம், கேசட், துப்பாக்கி எல்லாம் பரணில் பத்திரமாக இருக்கின்றன. மகனுக்குக் காட்ட எடுத்தேன். எல்இடி டிவியில் படம் வருகிறது, ஆனால் வாத்து சுடும் கேமில் எத்தனை முறை சுட்டாலும் விழவில்லை. துப்பாக்கி கெட்டுவிட்டதா?
- வாசகர், திண்டுக்கல்

பதில்: துப்பாக்கி பெரும்பாலும் நன்றாகத்தான் இருக்கும். விசையை இழுத்ததும் திரை ஒரு கணம் கறுத்து, வாத்து இருந்த இடத்தில் மட்டும் வெள்ளைக் கட்டம் வரும். துப்பாக்கி முனையிலிருக்கும் சென்சார் அந்த வெளிச்சத்தை அந்தக் கணத்திலேயே பிடிக்க வேண்டும். பழைய குழாய் (பிக்சர் டியூப்) டிவி படத்தை உடனே வரையும், அந்த வேகத்தை வைத்துத்தான் துப்பாக்கியைச் செய்தார்கள். எல்இடி டிவி படத்தை வாங்கி, பதப்படுத்தி, கொஞ்சம் தாமதமாகக் காட்டுகிறது. எந்தக் கன்வெர்டர் போட்டாலும் இது தீராது. பழைய பொருள் கடையில் ஒரு சின்னக் குழாய் டிவி கிடைத்தால் வாங்கி வையுங்கள், வாத்து விழும். மகனோடு மற்ற கேம்களை எல்இடி டிவியிலேயே ஆடலாம்.

இன்னொன்று. கேசட் ஓடாவிட்டால் நாம் எல்லாரும் செய்தது போல வாயால் ஊதாதீர்கள். எச்சில் ஈரம் பட்டு உள்ளே இருக்கும் செம்புப் பற்கள் கறுத்துப்போகும். காது குடையும் பஞ்சுக் குச்சியில் ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் தொட்டு, பற்களை ஒரே திசையில் துடைத்து, நன்றாகக் காய்ந்த பிறகு போடுங்கள்.