வேலையில் இருந்துகொண்டே படிக்கலாமா?

அன்புள்ள ஆசிரியருக்கு,

நடுநிலை வகுப்புகளுக்குக் கணக்கு எடுக்கிறேன். பத்து வருடத்துக்கு மேல் ஆகிறது. 'கலைத்திட்டமும் கற்பித்தலும்' பிரிவில், அதாவது எதை, எந்த வரிசையில், எப்படிக் கற்பிப்பது என்பதைப் பற்றி முதுகலை படிக்க ஆசை. கணக்கிலேயே முதுகலை படித்தால்தான் மதிப்பு என்கிறார் கணவர். கூட வேலை பார்ப்பவர்களோ, எல்லாம் வெறும் தியரி, வகுப்புக்கு உதவாது என்கிறார்கள். என் மாணவர்கள் பின்னக் கூட்டலைத் தப்பில்லாமல் போடுகிறார்கள். ஆனால் 1/3 பெரிதா 1/4 பெரிதா என்று கேட்டால் பாதி வகுப்பு 1/4 என்கிறது. இதற்கெல்லாம் அந்தப் படிப்பில் பதில் கிடைக்குமா? வேலையை விட்டுவிட்டுப் படிப்பதா?

பெயரை வெளியிட வேண்டாம்.

*

அன்புள்ள தோழிக்கு,

படியுங்கள். வேலையை மட்டும் விடாதீர்கள்.

முதலில் அந்த 1/4. மூன்றைவிட நான்கு பெரிது என்று அந்தப் பிள்ளைகள் சின்ன வயதிலிருந்து சரியாகவே கற்றிருக்கிறார்கள். அந்த விதியை அப்படியே பின்னத்துக்கும் கொண்டுவருகிறார்கள். உங்கள் வகுப்பில் மட்டும் நடப்பதில்லை இது. 1978இல் அமெரிக்காவின் தேசிய மதிப்பீட்டில் 13 வயதுப் பிள்ளைகளிடம், 12/13ஐயும் 7/8ஐயும் கூட்டினால் சுமாராக எவ்வளவு வரும் என்று கேட்டார்கள். இரண்டும் ஒன்றை ஒட்டிய எண்கள், ஆகவே விடை 2. சரியாகச் சொன்னவர்கள் ஏறத்தாழ நான்கில் ஒருவர்தான். பாதிக்கும் மேற்பட்டவர்கள் 19 அல்லது 21 என்றார்கள். மேலே இருப்பதை மேலே உள்ளதோடும், கீழே இருப்பதைக் கீழே உள்ளதோடும் கூட்டிவிட்டார்கள்.

கணக்கில் முதுகலை முடித்த ஒருவருக்குப் பின்னம் நன்றாகத் தெரியும். ஆனால் பிள்ளை எந்த இடத்தில் சிக்கும், எந்த எடுத்துக்காட்டு அந்தச் சிக்கலை அவிழ்க்கும் என்பது வேறு அறிவு. அமெரிக்கக் கல்வியியலாளர் லீ ஷுல்மன் 1986இல் இதற்குத் தனிப் பெயரே கொடுத்தார். ஆசிரியருக்கு மட்டுமே உரிய அறிவு என்று அதை மதித்தார். நீங்கள் தேடுவது அதைத்தான். மேல்வகுப்புகளுக்குப் போக விரும்பினால் உங்கள் கணவர் சொல்வது சரி, கணக்கையே படியுங்கள். கடிதத்தில் அப்படியொரு விருப்பம் எனக்குத் தென்படவில்லை.

அப்புறம், தியரி என்ற குற்றச்சாட்டு. அமெரிக்கக் கல்வியியலாளர் ரால்ஃப் டைலர் 1949இல் கேட்ட நான்கு கேள்விகளை இந்தப் படிப்பில் எப்படியும் படிப்பீர்கள்: எதற்காகக் கற்பிக்கிறோம், அதற்கு என்னென்ன கற்றல் அனுபவங்கள் வேண்டும், அவற்றை எந்த வரிசையில் அமைப்பது, நோக்கம் நிறைவேறியதை எப்படி அறிவது. தேர்வுக்காக மனப்பாடம் செய்தால் இது வெறும் தியரிதான். உங்கள் பின்னப் பாடத்தின் மேல் வைத்துப் பாருங்கள். கடைசிக் கேள்வியிலேயே விஷயம் வெளியே வந்துவிடும். வினாத்தாள் முழுக்கக் கூட்டல் கணக்காக இருந்தால், படிகளை மட்டும் பழகிய பிள்ளையும் முழு மதிப்பெண் வாங்கும். அந்தப் பிள்ளைக்குப் பின்னம் புரியவில்லை என்பது யாருக்கும் தெரியப்போவதில்லை. பிள்ளையின் பெற்றோருக்கு நிச்சயமாகத் தெரியாது.

இதைத்தான் அமெரிக்கக் கல்வியியலாளர்கள் கிராண்ட் விக்கின்ஸும் ஜே மெக்டையும் 1998இல் திட்டமிடும் முறையாகவே மாற்றினார்கள். பிள்ளைக்குப் புரிந்துவிட்டது என்று எதை வைத்துச் சொல்வீர்கள்? அதை முதலில் முடிவு செய்யுங்கள், பாடத்தைப் பிறகு அமையுங்கள் என்றார்கள். உங்கள் விஷயத்தில் அந்தச் சான்று, ஒரு எண்கோட்டில் 1/3ஐயும் 1/4ஐயும் குறித்துக் காரணம் சொல்வதாக இருக்கலாம். அப்படி முடிவெடுத்த உடனே பாட வரிசை மாறுகிறது. கூட்டலுக்கு முன்னால் எண்கோடு வந்தாக வேண்டும். ஆசிரியர்களுக்கு இந்த முடிவை எடுக்கும் தைரியம் வர வேண்டும் என்பது என் பெரிய ஆசை. பாடநூல் தரும் வரிசையைக் கேள்வி கேட்கும் உரிமை நமக்கில்லை என்ற எண்ணம் பலரிடம் ஊறிப்போயிருக்கிறது.

வேலையை விடவேண்டாம் என்று சொல்வதும் இதனால்தான். பிரிட்டிஷ் கல்வியியலாளர் லாரன்ஸ் ஸ்டென்ஹவுஸ் 1975இல், கலைத்திட்ட ஆய்வு ஆசிரியரின் கையில் இருக்க வேண்டும் என்று வாதிட்டார். தன் வகுப்பைத் தானே ஆராய்பவர்தான் அவர் மனத்தில் இருந்த ஆசிரியர். வாசித்ததை மறுநாளே செய்துபார்க்க உங்களிடம் வகுப்பு இருக்கிறது, பிள்ளைகள் இருக்கிறார்கள். அவர்களை விட்டுவிட்டுப் போனால் எல்லாம் குறிப்பேட்டிலேயே நின்றுவிடும்.

எல்லாப் பல்கலைக்கழகங்களும் இதை ஒரே மாதிரி நடத்துவதில்லை. சேரும் முன் இறுதி ஆய்வை உங்கள் வகுப்பிலேயே செய்ய விடுவார்களா என்று கேளுங்கள். வழிநடத்தும் பேராசிரியர்கள் பள்ளியில் பாடம் எடுத்தவர்களா என்றும் கேளுங்கள். பெயர்களையும் ஆண்டுகளையும் ஒப்பிக்க வைப்பதோடு நிற்கும் படிப்பென்றால் வேறு இடம் தேடுங்கள். பட்டத்துக்கு ஊதிய உயர்வு உண்டா, தலைமைப் பொறுப்புக்கு இது செல்லுமா என்பதையெல்லாம் பணம் கட்டும் முன்பே நிர்வாகத்திடம் எழுத்தில் வாங்கிவிடுங்கள். பள்ளி நிர்வாகத்துக்கென்று பல இடங்களில் தனிப் பட்டம் இருக்கிறது.

கடைசியாக நேரம். பகுதிநேரமாகச் சேர்ந்தால், முதல் பருவத்தில் ஒரு தாள் போதும். விடைத்தாள் திருத்தும் வாரங்களில் எதையும் சமர்ப்பிக்க வேண்டியிராதபடி அட்டவணையை முன்கூட்டியே பார்த்துக்கொள்ளுங்கள். தலைமையாசிரியரிடமும் இப்போதே பேசிவிடுங்கள். வகுப்புகளைக் குறைக்கச் சொல்ல வேண்டாம், உங்கள் கூடுதல் பொறுப்புகளில் ஒன்றிரண்டை அவர் வேறொருவருக்கு மாற்றிக்கொடுத்தால் போதும்.