நின்றவர் என்ன செய்தார்? (கடிதமும் பதிலும்)

அன்புள்ள ஐயா,

1950களின் அமெரிக்கக் கவர்ச்சி மாடல் பெட்டி பேஜ் பற்றிப் போகிற போக்கில் எழுதும்போது அவரைக் 'கலைஞர்' என்றிருந்தீர்கள். படம் எடுத்தவரைச் சொன்னால் சரி. கவர்ச்சியாக நின்றவர் என்ன செய்துவிட்டார்?

க.

அன்புள்ள க.,

முதலில், தைத்தார். அவர் அணிந்த பிகினிகளில் பல அவரே வெட்டித் தைத்தவை. 1954இல் புளோரிடாவில் பன்னி யேகர் எடுத்த காட்டுராணிப் படங்களில் வரும் சிறுத்தைப்புள்ளி உடையும் அவர் கைவேலைதான். யேகரும் மாடலாக இருந்து கேமராவுக்குப் பின்னால் போனவர். அந்தப் படங்களில் பெட்டி சிரிப்பதைப் பாருங்கள். யாரோ நிற்கச் சொன்னதால் நிற்கிறவரின் சிரிப்பா அது?

நாஷ்வில்லில் 1923இல் பிறந்தவர். ஆறு பிள்ளைகள் உள்ள ஏழை வீடு, கொஞ்ச காலம் அநாதை இல்லம். அப்படியும் பள்ளியில் இரண்டாவதாகத் தேறி, 1944இல் பட்டமும் வாங்கினார். 1950இல் நியூயார்க்கின் கோனி தீவுக் கடற்கரையில் படமெடுக்கும் பித்துள்ள ஒரு போலீஸ்காரரைச் சந்தித்தார். நெற்றி மறையும்படி முடியை வெட்டிக்கொள்ளச் சொன்னவர் அவர்தான். இன்றும் சலூன்களில் அந்த வெட்டுக்கு பெட்டியின் பெயர்தான்.

காசு வேறு இடத்துக்குப் போனது. நியூயார்க்கில் இர்விங் கிளா அவரது படங்களைத் தபாலில் விற்றார். 1955இல் ஆபாசப் படங்கள் குறித்து அமெரிக்க செனட் குழு விசாரணை வந்தது. பின்னர் கிளா பயந்துபோய் நெகட்டிவ்களை அழிக்கத் தொடங்கினார். கிளாவின் தங்கை பவுலா ரகசியமாக ஒளித்து வைத்தவைதான் மிஞ்சின. (இந்தக் கதையில் எனக்கு மிகவும் பிடித்த ஆள் அந்தத் தங்கை.)

1957இல் பெட்டி எல்லாவற்றையும் விட்டார். அப்புறம் பைபிள், மனநோய், வருடக்கணக்கில் மருத்துவமனை. அதே சமயம், எண்பதுகளில், சித்திரக்கதைக்காரர் டேவ் ஸ்டீவன்ஸ் அவர் சாயலில் ஒரு நாயகியை வரைய, மீண்டும் பித்து கிளம்பியது. முகம் எங்கெங்கோ விலைபோனது, அவருக்குச் சல்லிக்காசு வரவில்லை. வக்கீல்கள் வழியாகப் பணம் வந்தது கடைசிக் காலத்தில்தான். 2008இல், 85 வயதில் இறந்தார்.

முதுமையில் பேட்டி கொடுத்தார். முகத்தைக் காட்டத்தான் மறுத்தார், இளமையில் பார்த்தபடியே நினைவில் இருக்கட்டும் என்று. 2012இல் வந்த ஆவணப்படத்தில் கதையைச் சொல்வது அவரது குரல், அமெரிக்கத் தெற்கத்திய இழுப்போடு. படங்களைத்தான் பார்த்திருப்பீர்கள், அதையும் ஒருமுறை கேளுங்கள்.