கண்ணாடி ஊதப் போறேன்னு பொண்ணு நிக்கறா, என்ன பண்ணலாம்?

அக்கா, நீங்க எழுதினதை முழுசா படிச்சேன். பிளஸ் டூ காமர்ஸ், மார்க்கும் நல்லா வருது, பி.காம், சிஏன்னு நீங்க மனசுல கோட்டை கட்டி வச்சிருக்கீங்க, அவ என்னடான்னா பழைய பாட்டிலை உருக்கி விளக்கும் பூ ஜாடியும் செய்யப் போறேங்கறா, வீட்டுக்காரர் காயலாங்கடை வைக்கவா படிக்க வச்சேன்னு கத்துறார். இது கிறுக்கு ஆசை எல்லாம் இல்லக்கா. அதே சமயம் ரீல்ஸ்ல ஒரு நிமிஷத்துல ஜாடி ஆயிடுதே, அப்படியும் இல்ல.

மொதல்ல அவகிட்ட ஒரு கேள்வி கேளுங்க. கண்ணாடி வேலைன்னா நீ எதைச் சொல்ற? ஏன்னா இதுல மூணு வேலை இருக்கு, மூணும் வேற வேற பொழப்பு. ஒண்ணு, உலையிலேர்ந்து இரும்புக் குழாய் நுனியில பாகு மாதிரி கண்ணாடியைச் சுத்தி எடுத்து வாயால ஊதுறது. இன்னொண்ணு மேஜையில டார்ச் வச்சு, போரோசிலிகேட்ங்கற சூடு தாங்கற கண்ணாடிக் குழாயைத் திருப்பித் திருப்பி உருக்கி வளைக்கிறது, லேப்ல இருக்கற கண்டென்சர், பிளாஸ்க் எல்லாம் இப்படித்தான் வருது. மூணாவது கில்ன் வேலை, பாட்டிலை வெட்டி, அச்சு மேல வச்சு, கரண்டு அடுப்புல மெதுவா சூடேத்தி வடிவம் மாத்துறது, இதுல ஊதுறதே கிடையாது. அவ பாத்து மயங்கினது மொத வேலையா இருக்கும், வீட்டுல நம்மளால ஆரம்பிக்க முடியறது மூணாவது.

மொத வேலையில என்ன சிக்கல்னா உலைதான். 1,100 டிகிரிக்கு மேல ராப்பகலா எரியணும், நெனச்சப்போ அணைச்சுட்டுக் காலைல பத்த வைக்க முடியாது, ஆற விட்டா உள்ள இருக்கற மண்பானையே விரிசல் விட்டுடும். அதாவது ஆர்டர் வந்தாலும் வராட்டியும் கேஸ் பில் ஓடிட்டே இருக்கும். ஊதி முடிச்ச சாமானையும் அப்படியே வெளிய வச்சா டப்புனு வெடிச்சுடும், 500 டிகிரிக்கு மேல இன்னொரு அடுப்புல வச்சு மணிக்கணக்கா ஆற வைக்கணும், அனீலிங்னு சொல்லுவாங்க. அதனால என்னோட கருத்து ஒண்ணே ஒண்ணுதான், அஞ்சாறு வருஷத்துக்குச் சொந்த உலைங்கற பேச்சே வேண்டாம், அடுத்தவங்க உலையில நம்ம வேலையைச் செய்ய வழி தேடுங்க.

அப்படித் தேடினா நேரா ஃபிரோசாபாத்லதான் போய் நிக்கும், உத்தரப் பிரதேசத்துல ஆக்ரா பக்கம். வளையலுக்குப் பேர் போன ஊர், விளக்கு, மெழுகுவத்தி கிண்ணம், ஜாடின்னு ஏற்றுமதி சாமானும் அங்கதான் ஊதறாங்க, உடைஞ்ச கண்ணாடியைத் திரும்ப உருக்குறது அவங்களுக்குப் புதுசே இல்ல. தாஜ்மஹால் கெட்டுப்போகுதுன்னு 1996-ல சுப்ரீம் கோர்ட் அந்தச் சுத்துவட்டாரத்துல நிலக்கரிக்குத் தடை போட்டதுக்கப்புறம் உலையெல்லாம் இயற்கை எரிவாயுவுக்கு மாறிடுச்சு, அதனால கேஸ் விலை ஏறினா மொத்த ஊருக்கும் வயித்தைக் கலக்கும். இன்னொண்ணையும் மறைக்காம சொல்லிடறேன். அங்க உலைக்கு முன்னாடி நிக்கறது பெரும்பாலும் ஆம்பளைங்க, பொம்பளைங்க வீட்டுல உக்காந்து வளையல் முனையை விளக்குத் தீயில ஒட்டுவாங்க, கூலி ரொம்பக் கம்மி. நம்ம பொண்ணு அங்க கூலி வேலைக்குப் போகப் போறதில்ல, டிசைனைக் கொண்டுபோய் உஸ்தாதுங்ககிட்ட ஊதி வாங்கற ஆளாப் போகணும். அதுக்கும் கண்ணாடி எந்த அளவுக்கு வளையும், எங்க மெலிசாகும்னு கைக்குத் தெரிஞ்சிருக்கணும், பேப்பர்ல படம் மட்டும் வரைஞ்சுட்டுப் போனா சிரிப்பாங்க.

படிப்புக்கு வருவோம். அண்ணா யுனிவர்சிட்டியில செராமிக் டெக்னாலஜி பி.டெக் இருக்கு, ஆனா காமர்ஸ் குரூப்புக்கு அந்தக் கதவு மூடியாச்சு. அகமதாபாத் என்ஐடியில, அதான் இன்ஜினியரிங் என்ஐடி இல்ல, நேஷனல் இன்ஸ்டிடியூட் ஆஃப் டிசைன், அங்க பி.டெஸ்னு டிசைன் டிகிரி, நாலு வருஷம், அதுல செராமிக் அண்ட் கிளாஸ் டிசைன்னு தனிப் பிரிவே இருக்கு, எந்த குரூப் படிச்சிருந்தாலும் எழுதலாம். அதுக்கு டிஏடின்னு (டிசைன் ஆப்டிடியூட் டெஸ்ட்) ரெண்டு கட்ட நுழைவுப் பரீட்சை, அப்ளிகேஷன் பிளஸ் டூ எக்ஸாமுக்கு முன்னாடியே முடிஞ்சுடும், ரிசல்ட் வரட்டும் பாக்கலாம்னு இருந்தா வண்டி போயிடும். சீட்டு கம்மி, அதனால பி.காம் அப்ளிகேஷனையும் போட்டு வைங்க, அவகிட்ட மறைக்காம. உண்மையைச் சொன்னா இந்தத் தொழில்ல நஷ்டப்படற நிறைய பேருக்குக் கைத்திறமை இல்லாம இல்ல, உடைஞ்சு போற பத்து பீஸோட செலவை விக்கற பீஸ் விலையில சேர்க்கத் தெரியாமத்தான் மாட்டிக்கறாங்க, காமர்ஸ்ல காஸ்டிங், அதான் செலவுக் கணக்கு, படிச்ச பொண்ணு அதுல ஒரு படி மேல.

டார்ச் வேலை புடிச்சுப்போச்சுன்னா அதுவும் நல்ல வழிதான். பெங்களூரு ஐஐஎஸ்சி மாதிரி ஆராய்ச்சி நிறுவனங்கள்ல கண்ணாடி ஊதறதுக்குன்னே தனிப் பட்டறை உண்டு. வேலையிடம் கொஞ்சம்தான், ஆனா நல்லாத் தெரிஞ்ச ஆளும் கொஞ்சம்தான். ஹரியானா அம்பாலாவுல லேப் சாமான் செய்யற யூனிட்டுங்க நிறைய இருக்கு.

இப்போதைக்கு ஆறு மாசம் இதைப் பண்ண விடுங்க. பக்கத்துல கரண்டு கில்ன் வச்சிருக்கற பாட்டரி ஸ்டூடியோ எதுன்னு விசாரிச்சு, வாடகைக்கு ஒரு தடவை கில்னைச் சூடேத்தித் தருவாங்களான்னு கேளுங்க. கில்னுக்குள்ள இருக்கற தட்டு மேல கில்ன் வாஷ்னு ஒட்டாம இருக்கற பூச்சு பூசலைன்னா கண்ணாடி அதோட ஒட்டிக்கும், அவங்க கத்துவாங்க, அதனால கண்ணாடி வைக்கப் போறேன்னு முன்னாடியே சொல்லிடச் சொல்லுங்க. ஒரு பச்சை பாட்டில், ஒரு பழுப்பு பாட்டில், ரெண்டு கம்பெனியோடது, ரெண்டையும் வெட்டி ஒண்ணா உருக்கிப் பாக்கட்டும். வெளிய எடுக்கும்போது அழகா இருக்கும், ரெண்டு நாள் கழிச்சு ஒட்டின இடத்துல கீறல் ஓடும், பல தடவை அப்படித்தான் ஆகும், ஏன்னா ஒவ்வொரு கம்பெனி கண்ணாடியும் சூட்டுல விரியறதும் ஆறும்போது சுருங்கறதும் வேற வேற அளவு. அதனாலதான் ரீசைக்கிள் கண்ணாடி பண்றவங்க ஒரு சாமானுக்கு ஒரே பாட்டிலைப் புடிச்சுக்கறாங்க. பாட்டில் ஓசியில கிடைக்கும்னும் நம்பிடாதீங்க, நீலகிரியில 2022-ல ஆரம்பிச்ச டாஸ்மாக் பத்து ரூபா திட்டம், அதான் காலி பாட்டிலைத் திருப்பிக் குடுத்தா பத்து ரூபா திரும்பக் கிடைக்கற திட்டம், இப்ப வேற மாவட்டங்களுக்கும் வந்தாச்சு, காலி பாட்டிலுக்கும் விலை இருக்கு.

வெட்டும்போது தண்ணி விட்டுத்தான் வெட்டணும். காய்ஞ்ச கண்ணாடித் தூள் நுரையீரலுக்குப் போனா லேசுல விடாது, துணி மாஸ்க் பத்தாது. டார்ச் பக்கம் போனா டிடிமியம் லென்ஸ் போட்ட மூக்குக்கண்ணாடி வேணும், தீயில கண்ணாடி உருகும்போது வர்ற மஞ்சள் வெளிச்சத்தை அதுதான் மறைக்கும்.

திருப்பதி போற வேலை இருந்தா ஸ்ரீகாளஹஸ்தி பக்கம் பாப்பாநாயுடுபேட்டைன்னு ஒரு ஊர் இருக்கு, உருகின கண்ணாடியைக் கையால நீளக் குழலா இழுத்து மணியா நறுக்கறதுக்குப் பேர் போனது, புதுச்சேரி பக்கம் நம்ம அரிக்கமேட்டுல தோண்டினப்போ கிடைச்ச பழங்கால மணியெல்லாம் இதே மாதிரி முறைதான். அவளையும் அவங்கப்பாவையும் சேர்த்துக் கூட்டிட்டுப் போங்க.

கடன் பத்தி ஒரு வார்த்தை. பிஎம் விஸ்வகர்மான்னு கைத்தொழில் பண்றவங்களுக்கான மத்திய அரசுத் திட்டத்துல 18 தொழில் இருக்கு, கண்ணாடி ஊதறது அதுல இல்ல, யாராவது வாங்கித் தரேன்னு காசு கேட்டா குடுத்துடாதீங்க. கைவினைக் கலைஞர் அடையாள அட்டைக்குக் கொஞ்ச நாள் கழிச்சு அப்ளை பண்ணலாம். பிஎம்இஜிபின்னு சொந்தத் தொழிலுக்கு மானியத்தோட தர்ற கடன் எல்லாம் அவளுக்கு வாடிக்கையா வாங்கற ரெண்டு கடையாவது புடிச்சதுக்கப்புறம் மாவட்டத் தொழில் மையத்துல கேட்டுக்கலாம். இந்த வாரம் என்ஐடி சைட்ல டிஏடி கடைசி தேதி என்னன்னு மட்டும் பாத்துடுங்கக்கா, மிச்சத்தை அவளையே எனக்குப் போன் பண்ணச் சொல்லுங்க, மூணுல எது வேணும்னு யோசிச்சுட்டுப் பண்ணச் சொல்லுங்க.