தோற்ற ராத்திரியில் எதிர்வீடு

வணக்கம் சார்,

நான் கோவையில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் வேலை பார்க்கிறேன். வயது 26. பன்னிரண்டு வயதிலிருந்து லண்டன் கால்பந்து கிளப்பான ஆர்செனலின் ரசிகன். நான் பார்க்க ஆரம்பித்த 2011இல்தான் மான்செஸ்டர் யுனைடெட்டிடம் ஓல்ட் டிராஃபோர்டில் 8-2 என்று தோற்றோம். அதையே தாங்கிக்கொண்டேன். ஆனால் இந்த மூன்று சீசன்கள் தாங்க முடியவில்லை. பிரீமியர் லீக்கில் மூன்று முறையும் இரண்டாம் இடம். 2023இல் 248 நாள் முதலிடத்தில் இருந்துவிட்டுக் கடைசியில் விட்டோம். 2024இல் 89 புள்ளி எடுத்தும் இரண்டு புள்ளியில் போனது. இந்த வருடம், 2025இல், சாம்பியன்ஸ் லீக் அரையிறுதியில் பாரிஸிடம் தோற்றோம்.

இதற்கெல்லாம் மேலே, போன மாதம், மே 21ஆம் தேதி, எங்கள் பரம எதிரி டாட்டன்ஹாம் யூரோப்பா லீக் கோப்பையை வாங்கிவிட்டது. பிரீமியர் லீக்கில் 17ஆம் இடத்தில் முடித்த டீம் சார் அது! ஆபீசில் என் பக்கத்து சீட் நண்பன் டாட்டன்ஹாம் ரசிகன். காலேஜிலிருந்தே பழக்கம். அன்று ராத்திரி கடைசி விசில் ஊதியதும் போனை அணைத்துவிட்டுப் படுத்துவிட்டேன். மறுநாள் லீவு. சாப்பிடவும் பிடிக்கவில்லை. அவன் மூன்று முறை கூப்பிட்டான், எடுக்கவில்லை. இப்போது ஆபீசில் வேறு சீட்டுக்கு மாறி உட்கார்ந்திருக்கிறேன்.

"எவனோ எங்கேயோ விளையாடுகிறான், உனக்கென்னடா" என்கிறார் அப்பா. எட்டாயிரம் கிலோமீட்டர் தள்ளியிருக்கிற கிளப்புக்காக அழுவது பைத்தியக்காரத்தனமா? எண்ணெய்ப் பணம் புகுந்துவிட்ட ஆட்டத்தில் விசுவாசம் என்று ஒன்று இருக்கிறதா? பேசாமல் விட்டுவிடலாமா?

(பெயர் வேண்டாம் என்று கேட்டிருக்கிறார்.)

அன்புள்ள தம்பி,

தூரத்துக் கிளப்புக்காக அழலாமா என்கிற கேள்வியை விடுங்கள். அழுதாகிவிட்டது, இனி அது சரியா தப்பா என்று பார்த்து என்ன ஆகப்போகிறது? அப்பா சொல்வதைக் கேட்டுக்கொள்ளுங்கள், பதில் சொல்ல வேண்டாம். எண்ணெய்ப் பணத்தைப் பற்றி இன்னொரு நாள் பேசலாம்.

என்னைப் பிடித்து நிறுத்தியது நீங்கள் போகிறபோக்கில் எழுதிவிட்டுப் போன இடம்தான். போனை அணைத்தேன், அவன் மூன்று முறை கூப்பிட்டான், சீட்டை மாற்றிக்கொண்டேன். மூன்று முறை இரண்டாம் இடம் வந்ததை அவ்வளவு கணக்கோடு எழுதியவர், நண்பன் மூன்று முறை கூப்பிட்டதை ஒரே வரியில் தாண்டிவிட்டீர்கள். எனக்குக் கோபம் வந்தது. அதை மறைக்கப் போவதில்லை.

உங்கள் கடிதம் வந்த நேரமும் அப்படி. அதற்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமைதான் பழைய டிரங்குப் பெட்டியை ஒழிக்கும்போது ஒரு பாதி டிக்கெட் கிடைத்தது. சால்ட் லேக் ஸ்டேடியம், 1997 ஜூலை 13. அதைக் கையில் வைத்துக்கொண்டு அன்று முழுக்க வேறு வேலை ஓடவில்லை.

வங்கி வேலையில் மாற்றலாகி 1995இல் கல்கத்தா போனேன். ஜாதவ்பூர் பக்கம் ஒரு சந்தில் மாடி அறை. வீட்டுக்காரரை மேஷோமஷாய் என்று கூப்பிடுவேன், நம் சித்தப்பா மாதிரி. கிழக்கு வங்காளத்துப் பரிசாலிலிருந்து 1950இல் பத்து வயதுப் பையனாக ஓடிவந்தவர். சியால்தா ஸ்டேஷன் பிளாட்பாரத்தில் மூன்று வாரம் படுத்துக்கிடந்த குடும்பம். வீடு கேட்டுப் போனபோது எந்த ஊர் என்றார். தென்னிந்தியா என்றேன். அட்வான்ஸ் வேண்டாம், சாவியை வாங்கிக்கொள் என்றார்.

காரணம் பிறகுதான் தெரிந்தது. அவர் அகதியாக வந்த அந்தக் காலத்தில் கிழக்கு வங்காளக்காரர்களின் கால்பந்து கிளப்பான ஈஸ்ட் பெங்காலின் முன்வரிசையில் ஆடிய ஐந்து பேரும் தெற்கத்தியர்கள். அப்பாராவ், வெங்கடேஷ், தனராஜ், அகமது கான், சாலே. பஞ்ச பாண்டவர்கள் என்பார்கள். 1949, 50, 51 என்று மூன்று வருடம் தொடர்ந்து ஐ.எஃப்.ஏ. ஷீல்டு கோப்பையை ஈஸ்ட் பெங்கால் வாங்கிய காலம் அது. வீடும் நிலமும் ஆற்றங்கரையும் போய், தன் பேச்சைக் கேட்டுக் கல்கத்தாக்காரன் சிரிக்கிற ஊரில் நிற்கிற பத்து வயதுப் பையனுக்கு, ஜெயித்தோம் என்று சொல்ல அந்த ஒன்றுதான் இருந்திருக்கிறது. அதைக் கொடுத்தவன் காக்கிநாடாக்காரனும் பெங்களூர்க்காரனும். நாற்பத்தைந்து வருடம் கழித்து அந்தக் கடனை என்னிடம் தீர்த்தார். (எட்டாயிரம் கிலோமீட்டர் கணக்குக்கு இதில் உங்களுக்குப் பதில் இருந்தால் எடுத்துக்கொள்ளுங்கள்.)

எதிர்வீடு, ஈஸ்ட் பெங்காலின் பரம எதிரியான மோகன் பகான். பல தலைமுறையாக மேற்கு வங்காளத்திலேயே இருப்பவர்களை அங்கே 'கோட்டி' என்பார்கள். எங்கள் திருநெல்வேலியில் கோட்டி என்றால் பைத்தியம். மேஷோமஷாய் எதிர்வீட்டைக் காட்டி "அவன் கோட்டி" என்றபோது ஒரு மாதம் அந்த மனிதரைப் பார்த்தாலே நான் ஒதுங்கிப் போனேன். எதிர்வீட்டுக்காரருடைய அப்பா, 1911இல் மோகன் பகான் வெறுங்காலோடு ஆடி ஈஸ்ட் யார்க்‌ஷயர் ரெஜிமென்டை 2-1 என்று வென்ற ஆட்டத்தை மரத்தில் ஏறிப் பார்த்தவராம். அவர்கள் வீட்டில் அதைக் குலதெய்வக் கதை மாதிரி சொல்வார்கள். ஈஸ்ட் பெங்கால் ஜெயித்தால் சந்தையில் ஹில்சா மீன் விலை ஏறும், மோகன் பகான் ஜெயித்தால் இறால் விலை ஏறும். இது எல்லோருக்கும் தெரிந்த சமாசாரம்.

அதிகம் பேருக்குத் தெரியாத ஒன்றைச் சொல்கிறேன். 1980 ஆகஸ்ட் 16. ஈடன் கார்டன்ஸில் இந்த இரண்டு அணிக்கும் ஆட்டம். மைதானத்தில் தொடங்கிய சண்டை காலரிக்கு ஏறிக் கலவரமாகி, நெரிசலில் 16 பேர் செத்துப்போனார்கள். இன்றும் அந்தத் தேதியில் வங்காளத்தில் அவர்கள் நினைவாக ரத்ததான முகாம் நடக்கிறது. அன்றைக்கு மேஷோமஷாய் ராத்திரி பத்து மணி வரை வீடு திரும்பவில்லை. அவர் மனைவி மாஷிமா வாசலில் நின்று அழ, தேடிப் போனது எதிர்வீட்டுக்காரர். மருத்துவமனை மருத்துவமனையாக ஏறி இறங்கிவிட்டு, கடைசியில் ஒற்றைச் செருப்போடு நடந்து வந்துகொண்டிருந்தவரை நடுரோட்டில் கண்டுபிடித்துக் கூட்டிவந்தார்.

அதற்குப் பிறகு இருவரும் ஒரு வழக்கம் வைத்துக்கொண்டார்கள். ஆட்டம் முடிந்த அன்று ராத்திரியே, தோற்ற அணிக்காரன் ஜெயித்தவன் வீட்டுக்குப் போக வேண்டும்.

நான் அங்கே போன முதல் வருடம் ஈஸ்ட் பெங்கால் ஒரு ஆட்டத்தில் தோற்றது. நானும் அதற்குள் முழு ஈஸ்ட் பெங்கால்காரன். எதிர்வீட்டில் தேங்காய்ப்பால் விட்டு இறால் கொதிக்கிற வாசனை சந்து முழுக்க. மேஷோமஷாய் முகம் கழுவி, துவைத்து மடித்த ஜிப்பாவை எடுத்துப் போட்டுக்கொண்டு, கல்யாண வீட்டுக்குக் கிளம்புகிற மாதிரி நின்று "வா" என்றார். நான் வரவில்லை, தலைவலி என்றேன். அவர் என்னைத் திட்டிய ஒரே நாள் அதுதான்.

"ஜெயிச்ச அன்னிக்கு ஊர் முழுக்க உன் வீடு, எங்கே வேணும்னாலும் போகலாம். தோத்த அன்னிக்குப் போறதுக்கு ஒரே ஒரு வீடுதான் இருக்கு. அங்கேயும் போக மாட்டேன்னா அப்புறம் நீ எதுக்கு ஆட்டம் பார்க்கிறே?"

போனேன். ரோயாக் என்று அங்கே சொல்லும் வாசல் திண்ணையில் உட்கார்த்தி வைத்தார்கள். சந்துப் பையன்கள் எல்லோரும் சுற்றி நின்று கிண்டல். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. ஐந்து நிமிஷம். பத்து நிமிஷம் என்றே வைத்துக்கொள்ளுங்கள். அப்புறம் அவர்களால் முடியவில்லை. எதிரில் வந்து உட்கார்ந்திருக்கிற மனிதனை எவ்வளவு நேரம்தான் கிண்டல் செய்ய முடியும்? யாரோ டீ கொண்டுவந்தார்கள். எதிர்வீட்டுக்காரர் எங்கள் கோல்கீப்பருக்காக வருத்தப்பட ஆரம்பித்தார். "பாவம், அந்தப் பந்து யாருக்கும் கிடைச்சிருக்காது" என்று அவர் சொன்னபோது மேஷோமஷாய் தலையைக் குனிந்துகொண்டு இறாலின் ஓட்டை உரித்துக்கொண்டிருந்தார். உரித்து உரித்து என் தட்டில் வைத்தார். அவர் சாப்பிடவில்லை என்பதை நான் ரொம்ப நேரம் கழித்துத்தான் கவனித்தேன்.

அந்த 1997 டிக்கெட்டுக்கு வருகிறேன். ஃபெடரேஷன் கோப்பை அரையிறுதி. 1,31,000 பேர். மோகன் பகான் பயிற்சியாளர் அமல் தத்தா ஆட்டத்துக்கு முன்னால் எங்கள் அணியின் சிக்கிம்காரர் பைச்சுங் பூட்டியாவைச் 'சுங் சுங்' என்றும், ஸோஸோவை 'ஷோஷா', அதாவது வெள்ளரிக்காய் என்றும் கிண்டல் செய்திருந்தார். அவருடைய 'டைமண்ட்' வியூகத்தைப் பற்றித்தான் ஊர் முழுக்கப் பேச்சு. பைச்சுங் மூன்று கோல் போட்டார். 4-1 என்று ஜெயித்தோம். சீமா ஒகோரி மோகன் பகானுக்கு ஒன்றைத் திருப்பியபோது எழுந்த சத்தத்தில் காலுக்குக் கீழே கான்கிரீட் அதிர்ந்தது இன்னும் பாதத்தில் இருக்கிறது. வேறொன்றும் வரிசையாக நினைவில்லை.

நினைவிருப்பது ராத்திரி. ஒன்பதரை மணிக்கு எதிர்வீட்டுக் கதவு திறந்தது. சவரம் செய்துகொண்டு, தலை வாரி, அவர் வந்தார். கண் சிவந்திருந்தது. எங்கள் வீட்டில் கடுகு அரைத்து வைத்த ஹில்சா. முள் நிறைந்த மீன் அது, தெரியாதவன் தொண்டையில் குத்திக்கொள்வான். அவர் மெல்ல விரலால் தடவித் தடவி ஒவ்வொரு முள்ளாக எடுத்துத் தட்டின் ஓரத்தில் அடுக்கினார். யாரும் கிண்டல் செய்யவில்லை. கடைசியில் அவரே, "அந்தச் சிக்கிம் பையன் நல்லா ஆடினான்" என்றார். மேஷோமஷாய் எழுந்து உள்ளே போய்விட்டார். திரும்பிவர நேரமானது.

தம்பி, உங்கள் நண்பனைப் பற்றிப் பேசுவோம். அந்த ராத்திரி வரை டாட்டன்ஹாம் 2008க்குப் பிறகு ஒரு கோப்பையும் பார்த்திருக்கவில்லை. பதினேழு வருடம். இந்த சீசன் முழுக்க அவன் வாரம் தவறாமல் தோற்றுவிட்டுத் திங்கட்கிழமை ஆபீசுக்கு வந்து உங்கள் பக்கத்து சீட்டில் உட்கார்ந்திருக்கிறான். சீட்டை மாற்றிக்கொள்ளவில்லை. நீங்கள் அவனைக் கிண்டல் செய்யாமலா இருந்திருப்பீர்கள்? பதினேழு வருடம் கழித்து ராத்திரி இரண்டரை மணிக்கு ஒரு சந்தோஷம் வந்ததும் அவன் உங்களைத்தான் கூப்பிட்டான். சரி, கிண்டல் செய்யத்தான் கூப்பிட்டான் என்றே வைத்துக்கொள்ளுங்கள். அதை வாங்கிக்கொள்ள வேண்டிய ஆள் வேறு யார்? உங்களுக்குக் கோப்பை போனது. அவனுக்கு, கோப்பை வந்த ராத்திரியில் அதைச் சொல்ல ஆள் இல்லாமல் போனது. எதைப் பெரிய நஷ்டம் என்கிறீர்கள்?

இன்னொன்று. சாப்பிடவில்லை, யாரிடமும் பேசவில்லை என்பதை விசுவாசத்துக்கு அடையாளம் மாதிரி எழுதியிருக்கிறீர்கள். வேண்டாம். 1975 ஷீல்டு இறுதியில் மோகன் பகான் 5-0 என்று தோற்றபோது ஒரு ரசிகர் உயிரை விட்டார். இன்றும் அதைக் கிளப் பக்திக்கு உதாரணமாகச் சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். கேட்கும்போதெல்லாம் எனக்கு ஆத்திரம் வரும். அது பக்தி இல்லை. அந்த ராத்திரி யாராவது கதவைத் தட்டியிருக்க வேண்டும். அவ்வளவுதான் அதில் சொல்வதற்கு இருக்கிறது. நீங்கள் போனை அணைத்துவிட்டுப் படுத்தால் தட்டுவதற்குக் கதவே இல்லை.

2024 ஆகஸ்ட் 18 அன்று டூரண்ட் கோப்பையில் இந்த இரண்டு அணிக்கும் நடக்க வேண்டிய ஆட்டம் ரத்தானது. ஆர்.ஜி. கர் மருத்துவமனையில் இளம் பெண் மருத்துவர் பலாத்காரம் செய்து கொல்லப்பட்டு ஊரே கொதித்துக்கொண்டிருந்த நேரம். ஆட்டமில்லாத ஸ்டேடியத்தின் வெளியே இரண்டு கிளப் ரசிகர்களும் கூடினார்கள், முகமதன் ஸ்போர்ட்டிங் ரசிகர்களும் வந்தார்கள். ஒரே நீதி கேட்டு ஒன்றாகக் குரல் கொடுத்தார்கள், போலீஸ் தடியடியையும் ஒன்றாக வாங்கினார்கள். சிவப்பு-தங்கச் சட்டையும் பச்சை-மெரூன் சட்டையும் தோளோடு தோள் நிற்கிற படங்களைப் பார்த்து நாடே ஆச்சரியப்பட்டது. எனக்கு ஆச்சரியமாக இல்லை. நான் அந்தத் திண்ணையில் உட்கார்ந்தவன்.

ஆனால் நான் உங்களைத் திட்டுவதற்கு உண்மையான காரணம் இன்னும் சொல்லவில்லை.

2000த்தில் சென்னைக்கு வந்துவிட்டேன். இந்த இரண்டு அணியும் மோதுகிற ஒவ்வொரு டெர்பி முடிந்ததும் மேஷோமஷாய்க்குப் போன் செய்வேன். 2009 அக்டோபர் 25 அன்று மோகன் பகான் 5-3 என்று ஜெயித்தது. அவர்களின் சிடி நான்கு கோல். ஸ்கோரைப் பார்த்தேன். போனை எடுத்தேன். இன்றைக்கு வேண்டாம், மனசு சரியில்லாமல் இருப்பார், எனக்கும் பேச வராது, வேலை எல்லாம் முடிந்து ஓய்வாக இன்னொரு நாள் கூப்பிடலாம் என்று கீழே வைத்துவிட்டேன். அப்படியே டிசம்பர் வந்துவிட்டது. கூப்பிட்டபோது எடுத்தது மருமகள். நவம்பரில் போய்விட்டாராம்.

அந்த அக்டோபர் ராத்திரி முழங்கால் வலியோடு, பேரன் தோளைப் பிடித்துக்கொண்டு, ஜிப்பா மாற்றிக்கொண்டு எதிர்வீட்டுக்குப் போனதைச் சொன்னாள். கிளம்புவதற்கு முன்னால் கொஞ்ச நேரம் போன் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாராம்.

விட்டுவிடலாமா என்று கேட்டிருந்தீர்கள். உங்களால் முடியாது, ஆகஸ்டில் லீக் தொடங்கியதும் முதல் ஆட்டத்துக்கே உட்கார்ந்துவிடுவீர்கள். அதற்கு முன்னால், இந்த வாரமே, பழைய சீட்டுக்குப் போங்கள். நல்ல சட்டை போட்டுக்கொண்டு போங்கள். அவன் என்ன சொன்னான் என்று எனக்கு எழுதுங்கள்.

அன்புடன்.