காணாமல்போன பெண்ணைப் பற்றிக் கதை கட்டுகிறார்கள், பதில் சொல்லலாமா?

கேள்வி: என் அண்ணன் மகளுக்கு 16 வயது. நான்கு நாட்களாகக் காணவில்லை. எஃப்.ஐ.ஆர். போட்டாகிவிட்டது. அவள் படத்தோடு நாங்கள் வாட்ஸ்அப்பில் அனுப்பிய செய்தியை வைத்துக் கண்டபடி பேசுகிறார்கள். ஒரு யூடியூப் சேனல் அவளோடு படிக்கும் பையனின் படத்தைப் போட்டு அவன்தான் காரணம் என்கிறது. பதில் சொல்வதா, சும்மா இருப்பதா?

பதில்: யாருக்கும் பதில் எழுதாதீர்கள். நீங்கள் மறுத்தால் அதை வைத்தே அடுத்த வீடியோ வரும். ஆனால் சும்மாவும் விட வேண்டாம். வீடியோவின் லிங்க், தேதி தெரியும் ஸ்கிரீன்ஷாட், கீழே உள்ள கமெண்ட்கள் எல்லாவற்றையும் விசாரணை அதிகாரியிடம் எழுத்துமூலம் கொடுங்கள். "பஸ் ஸ்டாண்டில் பார்த்தேன்" என்று ஒருவர் எழுதியிருந்தால் அது நிஜமா பொய்யா என்று போலீஸ் பார்க்கட்டும்.

காணாமல்போன சிறார்கள் 2015ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டத்தின் பாதுகாப்புக்குள் வருகிறார்கள். அவர்களின் பெயர், படம், பள்ளி போன்ற அடையாளங்களை ஊடகத்தில் வெளியிடுவது 74ஆவது பிரிவின்படி குற்றம். 6 மாதம் வரை சிறை, 2 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் உண்டு. அந்தச் சேனல் மீதான புகாரில் இந்தப் பிரிவைக் குறிப்பிடுங்கள். நீங்களும் இனி சொந்தமாகப் படம் அனுப்பாமல், காவல் நிலையம் தரும் அறிவிப்பை மட்டும் பகிருங்கள். அந்தப் பையனின் பெயரை வீட்டுக்கு வெளியே எடுக்கவே வேண்டாம். அவனும் சிறுவன்தான்.

அறிவிப்பில் அண்ணியின் எண்ணைப் போட்டிருந்தால் எடுத்துவிடுங்கள். அந்தப் பெண்ணுக்கு மனப்பாடமாகத் தெரிந்த எண் அம்மாவுடையதாகத்தான் இருக்கும். அந்த போன் சார்ஜோடு, லைன் காலியாக இருக்க வேண்டும். ஊரார் அழைப்பெல்லாம் காவல் நிலைய எண்ணுக்குப் போகட்டும். "பொண்ணு எங்ககிட்ட இருக்கு, ஜிபே பண்ணுங்க" என்று யாராவது கேட்டால் பணம் போடாமல், உடனே அந்த எண்ணை ஸ்டேஷனில் சொல்லுங்கள்.

எனக்கு முக்கியமாகப் படுவது இன்னொன்று. அவள் எங்கோ யாருடைய போனிலோ இதையெல்லாம் படித்துக்கொண்டிருக்கலாம். குடும்ப மானம் போய்விட்டது என்று சித்தப்பா, மாமா எழுதியதைப் பார்த்தால் திரும்பி வர நினைத்த பிள்ளைகூடத் தயங்கும். அதனால் உறவினர் குழுக்களில் இன்றே பேச்சை நிறுத்தச் சொல்லுங்கள். வீட்டிலிருந்து ஒரே ஒரு செய்தி போகட்டும்: "அம்மா காத்திருக்கிறேன். எதுவானாலும் பேசிக்கொள்ளலாம், யாரும் திட்ட மாட்டோம். எங்களிடம் பேச முடியாவிட்டால் 1098-க்குப் பேசும்மா." அது குழந்தைகளுக்கான இலவச உதவி எண், 24 மணி நேரமும் உண்டு.

அவள் கிடைத்ததும், "வந்துவிட்டாள், படத்தை அழித்துவிடுங்கள்" என்பதற்கு மேல் ஒரு வார்த்தையும் வேண்டாம். எங்கே இருந்தாள், யாருடன் இருந்தாள் என்பது ஊருக்குத் தேவையில்லை. அப்புறம், ஒருவேளை போக்சோ வழக்கு (சிறார் மீதான பாலியல் குற்றத்துக்கான வழக்கு) பதிவானால், அவள் அடையாளத்தை வெளியே சொல்லக் கூடாது என்பது உறவினர்களுக்கும் பொருந்தும்.