வாசகர் கேள்வி பதில்: விமானம் இறங்கி, கப்பல் ஏறும்வரை

குமரி மேற்கு, செங்கோட்டை, பாலக்காட்டுச் சித்தூர் பக்கங்களிலிருந்து சிங்கப்பூர் போய் அங்கே சொகுசுக் கப்பல் ஏறுகிறவர்கள் கூடியிருக்கிறார்கள். வந்த கேள்விகளில் பலவும் கப்பலுக்குள் என்ன இருக்கிறது என்பதைப் பற்றி. அதைக் கப்பல்காரர்களே படம் போட்டுச் சொல்லிவிடுவார்கள். விமான நிலையத்துக்கும் கப்பலுக்கும் நடுவில் என்ன நடக்கிறது என்று கேட்டவர்களுக்கு மட்டும் இங்கே பதில்.

களியக்காவிளை வாசகர்: திருவனந்தபுரத்திலிருந்து ராத்திரி விமானம் ஏறினால் விடியற்காலை சிங்கப்பூர். அன்று மாலை 5 மணிக்குக் கப்பல். ஒரு நாள் ஓட்டல் செலவு மிச்சம் என்கிறார் மருமகன். சரிதானா?

கணக்கு சரி. பயணம் ஏறக்குறைய நாலரை மணி நேரம், சிங்கப்பூர் நேரம் நமக்கு இரண்டரை மணி நேரம் முன்னால். 11 மணிக்கு ஏறினால் அங்கே காலை 6 மணி. குடியேற்றச் சோதனை முடித்து, பெட்டி எடுத்து, டாக்சியில் கப்பல் முனையம் போக 9 மணிகூட ஆகாது. ஆனால் இந்தக் கணக்கில் எல்லாம் ஒழுங்காக நடக்க வேண்டும்.

கப்பல் 5 மணிக்குப் புறப்படும் என்றால் 5 மணிவரை ஏறலாம் என்று அர்த்தமில்லை. புறப்படுவதற்கு 60 முதல் 90 நிமிடத்துக்கு முன்பே செக்-இன் மூடிவிடும். பயணிகள் பட்டியலை இறுதி செய்து அதிகாரிகளுக்குக் கொடுத்துவிட்டால், பிறகு ஓடி வந்து நின்றாலும் ஏற்ற மாட்டார்கள். ஆக உங்கள் கப்பல் நேரம் 5 அல்ல, மூன்றரை.

இனி விமானப் பக்கம். சென்னையிலிருந்து சிங்கப்பூருக்கு ஒன்று போனால் இன்னொன்று இருக்கும். திருவனந்தபுரத்தில் நேரடி விமானங்கள் கொஞ்சம்தான். அது ரத்தானால் பெரும்பாலும் மறுநாள்தான். விமான டிக்கெட்டும் கப்பல் டிக்கெட்டும் தனித்தனியாக வாங்கியவை. விமானம் தாமதமானால் விமான நிறுவனம் உங்களைச் சிங்கப்பூரில் கொண்டுவிடுவதோடு அதன் பொறுப்பு தீர்ந்தது. கப்பல் நிறுவனத்தைப் பொறுத்தவரை நீங்கள் வராதவர், பணம் திரும்பாது. அடுத்த துறைமுகத்தில் போய் ஏறிக்கொள்ளலாமே என்றால், அந்த நாட்டுக்குள் நுழையும் தகுதி வேண்டும், கப்பல்காரர் முன்கூட்டி ஒப்புக்கொள்ளவும் வேண்டும். பயணக் காப்பீட்டில் ‘இணைப்புப் பயணம் தவறுதல்’ இருக்கிறதா, எத்தனை மணி நேரத் தாமதத்துக்கு மேல் தருகிறார்கள் என்று பாலிசியைப் பிரித்துப் படியுங்கள். ஓட்டல் செலவு மிச்சம் பிடிக்கப்போய்க் கப்பல் கட்டணம் மொத்தமும் போகும். முந்தின நாளே போய்விடுங்கள்.

நம் ஊர் விஷயங்கள் சில இருக்கின்றன. பத்மநாபசுவாமி கோயிலின் பங்குனி, ஐப்பசி ஆராட்டு (சுவாமியை நீராட்டும் விழா) ஊர்வலங்கள் திருவனந்தபுரம் விமான நிலைய ஓடுபாதையைக் கடந்து சங்குமுகம் கடற்கரைக்குப் போகும். அந்த இரண்டு நாளும் மாலையில் சுமார் 5 மணி நேரம் ஓடுபாதை மூடியிருக்கும், விமான நேரங்கள் முன்பின்னாகும். டிக்கெட் போடுமுன் பஞ்சாங்கத்தையும் ஒரு பார்வை பாருங்கள். ஹர்த்தாலுக்கு (முழு அடைப்புக்கு) 7 நாள் முன்னறிவிப்பு வேண்டும் என்று கேரள உயர் நீதிமன்றம் 2019இல் சொல்லியிருந்தாலும் திடீர் ஹர்த்தால்கள் வந்திருக்கின்றன. அப்படியான நாளில் எல்லையிலேயே வண்டி நின்றுவிடும். தமிழ்நாட்டு டாக்சி என்றால் கேரளத்துக்குள் ஓட பெர்மிட், வரி எல்லாம் சரியாக இருக்கிறதா என்று வண்டிக்காரரிடம் முந்தின நாளே கேளுங்கள். பாலராமபுரம் சந்திப்பில் மாலை நேரம் சிக்கினால் அரை மணி நேரம் சாதாரணம். சர்வதேச முனையம் சாக்கைப் பக்கம்; சங்குமுகம் பக்கம் உள்நாட்டு முனையம். டிரைவருக்கு இதையும் சொல்லிவிடுங்கள்.

செங்கோட்டை வாசகி: என் பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் இடம் காலி. இனிஷியலும் இல்லை, ஒற்றைப் பெயர்தான். கப்பலின் இணைய செக்-இன் பக்கம் இரண்டு பெயர் கேட்கிறது. அப்பா பெயரைப் போடட்டுமா?

போடாதீர்கள். தமிழர்கள் மாட்டிக்கொள்வது பெரும்பாலும் இங்கேதான். பாஸ்போர்ட்டின் முதல் பக்கத்தில், கீழே இரண்டு வரியாக அச்சான இயந்திர எழுத்தில் என்ன இருக்கிறதோ அதுதான் உங்கள் பெயர். விமானத்தில் ஒரு மாதிரி, விசாவில் ஒரு மாதிரி, கப்பலில் அப்பா பெயரோடு வேறு மாதிரி என்றால் செக்-இன் மேசையில் மூன்றையும் பொருத்திப் பார்க்கும் ஆள் குழம்புவார். ஒற்றைப் பெயர்க்காரர்களுக்கு விமான நிறுவனங்கள் வழக்கமாக அதே பெயரை இரண்டு இடத்திலும் போடச் சொல்லும், அல்லது முதற்பெயர் இடத்தில் ‘எஃப்.என்.யு.’ (முதற்பெயர் தெரியாது என்பதன் ஆங்கிலச் சுருக்கம்) என்று போடும். கப்பல் நிறுவனத்துக்கு மின்னஞ்சல் எழுதி, ஒற்றைப் பெயரை எப்படி இடுவது என்று கேட்டு, அவர்கள் பதிலை அச்செடுத்து வைத்துக்கொள்ளுங்கள். முகவர் வழியாக எடுத்தால் ‘எங்களுக்குத் தெரியும் மேடம்’ என்பதோடு விட்டுவிடாமல், அவர் போட்ட பெயரை நீங்களே எழுத்தெழுத்தாகப் படித்துப் பாருங்கள்.

கையோடு இன்னொன்று: பயணம் முடியும் நாளிலிருந்து பாஸ்போர்ட்டுக்கு 6 மாதம் உயிர் இருக்க வேண்டும். புறப்படும் நாளிலிருந்து என்று எண்ணி ஏமாந்தவர்கள் உண்டு.

கொழிஞ்சாம்பாறை வாசகர்: சிங்கப்பூர் விசா வாங்கியாயிற்று. கப்பல் மலேசியா, தாய்லாந்து தொட்டுத் திரும்பும். நாங்கள் அங்கே இறங்கப்போவதில்லை. அப்புறம் என்ன தாள் வேண்டும்?

இறங்காவிட்டாலும், கப்பல் தொடும் நாட்டுக்குள் நுழையும் தகுதி உங்களிடம் இருக்க வேண்டும் என்பதே கப்பல் நிறுவனங்களின் பொது விதி. இல்லையென்றால் சிங்கப்பூரிலேயே ஏற்ற மாட்டார்கள். எந்த நாட்டுக்கு விசா, எந்த நாட்டுக்கு இணைய வருகை அட்டை என்பது அடிக்கடி மாறும். பயணத்துக்கு ஒரு வாரம் முன் கப்பல் நிறுவனம் அனுப்பும் மின்னஞ்சல்படியே செய்யுங்கள்.

பலரும் கவனிக்காதது சிங்கப்பூர் விசாவைத்தான். விமானத்தில் வந்து நுழைவது ஒரு முறை. கப்பல் ஏறும்போது நாட்டைவிட்டு வெளியேறுகிறீர்கள். திரும்பி வந்து இறங்குவது இரண்டாம் முறை. ஆகவே விசா பலமுறை நுழையும் வகையா, அதன் கடைசித் தேதி கப்பல் திரும்பும் நாளைத் தாண்டுகிறதா என்று பாருங்கள். வருகை அட்டையும் அப்படியே: சிங்கப்பூருக்குள் வரும் நாள் உட்பட 3 நாளுக்குள் நிரப்ப வேண்டும். விமானத்துக்கு ஒன்று, கப்பலில் திரும்பும்போது புதிதாக ஒன்று. இரண்டாவதைத் துறைமுகத்தில் சிக்னல் கிடைக்கும்போதே நிரப்பிவிடுங்கள். நடுக்கடலில் இணையத்துக்குத் தனிக் காசு. இந்த அட்டை இலவசம். பணம் கேட்கும் பக்கம் எதுவானாலும் அது அரசுப் பக்கமல்ல, மூடிவிடுங்கள்.

மார்த்தாண்டம் வாசகி: அப்பாவுக்கு 68 வயது, பாஸ்போர்ட்டில் இ.சி.ஆர். (குடிபெயர்வுச் சோதனை தேவை) என்று இருக்கிறது. நடக்கவும் சிரமம். கூட்டிப்போக முடியுமா?

முடியும். இ.சி.ஆர். அனுமதி வேலைக்குப் போகிறவர்களுக்கானது. அந்த அனுமதி கேட்கும் நாடுகளின் பட்டியலில் சிங்கப்பூர் இல்லை. மலேசியா, தாய்லாந்து, இந்தோனேசியா இருக்கின்றன. சுற்றுலாவுக்குப் போகிறவருக்கு அந்த அனுமதி தேவையில்லை என்றாலும், திருவனந்தபுரம் குடியேற்ற மேசையில் கேள்வி வரலாம். திரும்பும் விமான டிக்கெட், கப்பல் முன்பதிவு, விசா மூன்றையும் அச்செடுத்து அப்பாவின் கையிலேயே கொடுங்கள், உங்கள் போனில் அல்ல. 50 வயது கடந்தவர் அந்த முத்திரை இல்லாத பாஸ்போர்ட்டுக்குத் தகுதியானவர்தான். நாள் இருந்தால் மாற்றிக்கொள்வது நல்லது.

சக்கர நாற்காலி விஷயத்தில் ஒரு தவறு திரும்பத் திரும்ப நடக்கிறது. விமான நிறுவனத்திடம் கேட்டுப் பெறும் நாற்காலி சாங்கி விமான நிலைய வாசலோடு சரி. கப்பல் முனையத்தில் வேண்டுமென்றால் கப்பல் நிறுவனத்திடம் தனியாக, முன்பே சொல்ல வேண்டும். முனையத்தில் கொடுப்பதும் அறைவாசல்வரைதான். கப்பலுக்குள் முழுப் பயணத்துக்கும் வேண்டுமென்றால் சொந்தமாகவோ வாடகைக்கோ ஏற்பாடு செய்யுங்கள்.

பாறசாலை வாசகர்: சிங்கப்பூரில் எந்தத் துறைமுகம்?

இரண்டு உண்டு. மரினா பே முனையம் ஒன்று, ஹார்பர்ஃபிரண்டில் உள்ள முனையம் மற்றொன்று. டிக்கெட்டில் பெயரைப் பார்த்து டாக்சிக்காரரிடம் முழுதாகச் சொல்லுங்கள். லிட்டில் இந்தியாவில் தங்கினால் ஹார்பர்ஃபிரண்டுக்கு ஒரே ரயில். மரினா பே முனையத்துக்கு தோபி காட் நிலையத்தில் மாறி, மரினா சவுத் பியர் என்ற கடைசி நிலையத்தில் இறங்க வேண்டும். ‘மரினா பே’ என்றே ஒரு நிலையம் அதற்கு முன்னால் வரும், அங்கே இறங்கிவிடாதீர்கள். பெரிய பெட்டிகள் இருந்தால் ரயிலை மறந்துவிட்டு டாக்சி பிடியுங்கள்.

குழித்துறை வாசகி: பெட்டியில் என்ன வைக்கலாம்? அயர்ன் பாக்ஸ், சின்ன கெட்டில், ஊறுகாய், கொஞ்சம் கொப்பரை… மாமியார் பட்டியல் நீளம்.

விமானத்துக்கும் கப்பலுக்கும் விதிகள் வேறு வேறு. பட்டியலை இரண்டு முறை சலிக்க வேண்டும்.

விமானச் சலிப்பு: கொப்பரையை விமானத்தில் போடும் பெட்டியில் வைக்க முடியாது. எண்ணெய் நிறைந்தது, தீப்பிடிக்கும் என்று 2022இல் தடை செய்தார்கள். ஊறுகாய் பெட்டியில் போகலாம், கைப்பையில் முடியாது. பவர் பேங்க் நேர்மாறு: கைப்பையில் மட்டும், அதுவும் 100 வாட் அவர் வரை, அதாவது ஏறக்குறைய 27,000 எம்.ஏ.எச். சிங்கப்பூருக்குள் சூயிங்கம், மெல்லும் புகையிலை, இ-சிகரெட் கூடாது. வெற்றிலைப் பெட்டியில் புகையிலைத் துண்டு இருந்தால் வீட்டிலேயே எடுத்து வைத்துவிடுங்கள். சிகரெட்டுக்கு வரிச்சலுகை கிடையாது, ஒரு பாக்கெட்டுக்கும் வரி.

கப்பல் சலிப்பு: அயர்ன் பாக்ஸ், கெட்டில், தண்ணீர் சுடவைக்கும் காயில், சாதம் வைக்கும் குக்கர் எதுவும் ஆகாது. கடலில் தீதான் பெரிய பயம். ஸ்கேனில் தெரிந்தால் பெட்டியை அறைக்கு அனுப்பாமல் பாதுகாப்பு அறையில் நிறுத்திவிடுவார்கள். இரவு உடை மாற்றப் பெட்டி வரவில்லையே என்று தேடும்போதுதான் விஷயம் தெரியும். வீட்டில் சமைத்ததற்கும் அனுமதி இல்லை. பிரிக்காத முறுக்கு, சிப்ஸ் பாக்கெட்டுகள் பெரும்பாலும் போகும், ஆனால் துறைமுகத்தில் கரைக்குக் கொண்டு இறங்கக்கூடாது. சைவச் சாப்பாடு, சமணச் சாப்பாடு வேண்டுமென்றால் முன்பதிவின்போதே குறிப்பிடுங்கள்.

கம்பம் வாசகர்: முனையத்துக்குள் போனதும் வரிசையாக என்ன நடக்கும்?

இணைய செக்-இன் முன்பே முடித்திருக்க வேண்டும். அதில் பாஸ்போர்ட் விவரம், முகப்படம், வங்கி அட்டை எண் பதிந்து, முனையத்துக்கு வரும் நேரத்தைத் தேர்ந்தெடுப்பீர்கள். 12 மணி என்று எடுத்தவர் 10 மணிக்குப் போனால் வெளியே உட்கார வேண்டியதுதான். வரும் ஏற்றச் சீட்டையும் பெட்டி அட்டைகளையும் ஊரிலேயே அச்செடுத்து, ஸ்டேப்ளரும் செல்லோடேப்பும் எடுத்துப் போங்கள். பெட்டி அட்டையை விமானத்தில் கட்டாதீர்கள், கிழிந்துவிடும், ஓட்டலில் கட்டுங்கள்.

முனைய வாசலில் பெட்டிகளை ஆட்களிடம் கொடுத்துவிடுவீர்கள். அவை மாலையில், சில நேரம் இரவு 8 மணிக்குத்தான் அறை வாசலுக்கு வரும். இந்த இடத்தில் நடக்கும் மிகப் பெரிய பிழை, பாஸ்போர்ட்டை அந்தப் பெட்டிக்குள் வைத்துக் கொடுத்துவிடுவது. பாஸ்போர்ட், விசா, மாத்திரை, இன்சுலின், மருத்துவர் சீட்டு, ஒரு மாற்றுடை இத்தனையும் தோள்பையில் இருக்கட்டும். பிறகு செக்-இன் மேசை, உடல்நிலைக் கேள்வித்தாள், பாதுகாப்புச் சோதனை, குடியேற்றம், கப்பல். சில கப்பல்களில் பாஸ்போர்ட்டை வாங்கி வைத்துக்கொண்டு கடைசியில் தருவார்கள், பயப்பட வேண்டாம். ஆனால் அதற்குமுன் படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

உள்ளே போனதும் அறை பெரும்பாலும் மதியம் ஒரு மணிக்கு மேல்தான் தயாராகும். சாப்பிடப் போகுமுன் ‘மஸ்டர்’ பயிற்சியை முடித்துவிடுங்கள். ஆபத்தில் எங்கே கூட வேண்டும் என்பதைக் காட்டும் கட்டாயப் பயிற்சி இது. 2012 ஜனவரியில் இத்தாலிக் கரையில் கோஸ்டா கன்கார்டியா என்ற சொகுசுக் கப்பல் மூழ்கியபோது அன்று ஏறியவர்களில் பலருக்கு இந்தப் பயிற்சி இன்னும் நடந்திருக்கவில்லை. அதன்பின் 2015 முதல், கப்பல் புறப்படுமுன்போ புறப்பட்ட உடனேயோ நடத்தியாக வேண்டும் என்று சர்வதேச விதியை மாற்றினார்கள்.

மூணாறு வாசகி: டெபிட் கார்டு போதுமா?

கப்பலுக்குள் ரொக்கம் செல்லாது. அறைச் சாவி அட்டையில் கணக்கெழுதிக் கடைசியில் கழிப்பார்கள். டெபிட் கார்டு கொடுத்தால் முன்கூட்டியே ஒரு தொகையை உங்கள் வங்கிக் கணக்கில் முடக்கிவைப்பார்கள், விடுவிக்கப் பல நாள் ஆகும். கிரெடிட் கார்டு நல்லது. 2020 மார்ச்சுக்குப் பின் வந்த அட்டைகள் உள்நாட்டுக்கு மட்டுமே திறந்து வரும். வெளிநாட்டுப் பயன்பாட்டை வங்கி ஆப்பில் நீங்களே திறக்க வேண்டும். ஓ.டி.பி. வரும் எண் என்றால் ஊரைவிட்டுக் கிளம்புமுன் ரோமிங்கும் போட்டுக்கொள்ளுங்கள்.

பொள்ளாச்சி வாசகர்: மனைவி 5 மாதக் கர்ப்பம். ஏறலாமா?

பயணத்தின் எந்த நாளிலும் 24ஆவது வாரம் தொடங்கிவிட்டால் பெரும்பாலான கப்பல்கள் ஏற்றாது. ஏறும் நாளை வைத்து எண்ணாதீர்கள், இறங்கும் நாளை வைத்து எண்ணுங்கள். மருத்துவரிடம் வாரக் கணக்கு எழுதிய சான்று வாங்கிக்கொண்டு, பணம் கட்டுமுன் கப்பல் நிறுவனத்துக்கு அனுப்பிக் கேளுங்கள். கடைசியாக எல்லோருக்கும் ஒன்று: திரும்பும் விமானத்தை மதியம் ஒரு மணிக்குப் பின் போடுங்கள். கப்பல் காலை 7 மணிக்குக் கரை சேர்ந்தாலும் இறங்கி, பெட்டி தேடி, குடியேற்றம் தாண்ட இரண்டு மூன்று மணி நேரம் நிற்க வேண்டிவரும்.